தடம் யார் மூக்கில்?

இன்று காலை எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். என் தம்பி, அவன் மனைவி, அவர்கள் மகள், மருத்துவமனை அனுப்பிவைத்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், நான். ஆறாவது ஆள் கிடையாது. எதிர்வீட்டு இன்ஷூரன்ஸ்காரர் தானும் அங்கே இருந்து எல்லாவற்றையும் காதால் கேட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் இருந்தது அவர் வீட்டு மாடியில். அங்கிருந்து அவருக்குத் தெரிவது எங்கள் ஜன்னல். கேட்பது எங்கள் மிக்ஸி.

யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது என் வழக்கம். பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சாட்சி பெயர் இல்லாத பத்திரத்தை என் மேஜையில் ஒருநாளும் அனுமதித்ததில்லை.

என் தம்பி தொலைதூர பஸ் ஓட்டுகிறவன். ஸ்டியரிங் பிடித்து அவன் உட்காரும் தோரணையைப் பார்த்து டிப்போவில் அவனுக்கு 'பைலட்' என்று பெயர். காலி வண்டியை ஷெட்டுக்குத் திருப்பும்போது கண் சொருகி, டிப்போ வாசல் தூணில் ஒருநாள் மோதிவிட்டான். காயம் தூணுக்குத்தான். ஆனால், 'வண்டியில் ஆள் இருந்திருந்தால்?' என்ற கேள்வி அன்றைக்கே எங்கள் வீட்டுக்கு வந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது.

குடித்திருந்தான் என்றார்கள். டீயைத் தவிர வேறொன்றும் அறியாத வாய் அது. மருத்துவமனையில் இரவு முழுக்கப் படுக்கவைத்துப் பார்த்துச் சொன்னது வேறு. தூங்கியதும் தொண்டை மூடிக்கொள்கிறதாம்; மூச்சு நின்றுபோகிறதாம்; உடம்பு அவனை உலுக்கி எழுப்புகிறதாம். விடிய விடிய இதே கதை, அவனுக்கே தெரியாமல். அதற்கு மருந்தாக ஒரு பெட்டி, ஒரு குழாய், மூக்கை மூடும் ஒரு மாஸ்க் கொடுத்தார்கள். பெட்டி காற்றை ஊதித் தொண்டையைத் திறந்து வைக்கும். எத்தனை மணி நேரம் மூச்சு ஓடியது என்பதையும் குறித்து மருத்துவமனைக்கு அனுப்பிவிடும். அந்தக் கணக்கு ஒழுங்காக இருந்தால்தான் பஸ். அதுவரை டிப்போவின் சாவி அறையில் உட்கார்ந்து, மற்ற டிரைவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுக்கும் வேலை.

டிப்போ டாக்டர் முடிவு சொல்லவேண்டிய நாள் இதுதான். மதியம் வரச் சொல்லியிருந்தார்கள்.

கண்ணாடிக் கடைக்காரரை வரவழைத்தது தம்பி மகளின் வேலை. வங்கியில் காசாளராக இருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"யாருடி அது, நம்ம வீட்டுக் குறட்டையக் கேக்க வெளியாள்?" என்றேன் சமையலறையில்.

"அத்தை, அவரும் மாஸ்க் போடுறவர்தான். ரொம்ப வருஷமா. புதுசாப் போடுறவங்களுக்குத் துணையா ஆஸ்பத்திரியில அனுப்புறாங்க. டாக்டர் சொன்னா அப்பா தலையாட்டுவார், கேக்க மாட்டார். பட்டவங்க சொன்னா கேப்பார்."

"உங்கப்பாதான் ஒழுங்காப் போடுறானே. கணக்கெல்லாம் பிரமாதம்னு போன்ல சொன்னாங்களே."

"அதான் அத்தை எனக்கும் புரியல. கணக்குப் பிரமாதம். அப்பா மட்டும் சாப்பிடும்போதே தூங்குறார்."

எனக்கும் அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

வந்தவர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். அப்படி ஓர் உடம்பு. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கையில் ஒரு துணிப்பை. உட்காருங்கள் என்று நான் சொல்வதற்குள் உட்கார்ந்துவிட்டார்; சோபா முனகியது.

"நீங்கதான் பெரியவங்களா? வணக்கம்மா. உங்களப் பாத்தா பயமா இருக்குன்னு உங்க அண்ணன் மக முன்னாடியே சொல்லிருச்சு."

"தம்பி மகள்," என்று திருத்தினேன்.

"பாத்தீங்களா, பயத்துல உறவே மாறிப்போச்சு."

தம்பி சிரித்துவிட்டான். அவன் சிரித்து நாளாயிற்று. அதனால் அந்த மனிதரை அப்போதைக்கு மன்னித்தேன்.

அவர் பையிலிருந்து தன் மாஸ்க்கை எடுத்து டீப்பாய் மேல் வைத்தார், வெற்றிலைப் பெட்டியை வைப்பதுபோல அத்தனை சாதாரணமாக. எங்கள் வீட்டில் அந்தச் சாமான் விருந்தாளி கண்ணில் படக்கூடாது என்று நான் போட்ட சட்டம் இருக்கிறது. அவருக்கு அது தெரியாது.

"நான் எப்படி மாட்டுனேன் தெரியுமா சார்? கண் டெஸ்டுக்கு ஒருத்தர் வந்தார். எழுத்தைப் படிங்கன்னு சொல்லிட்டு நான் தூங்கிட்டேன். அவர் கடைசி வரி வரைக்கும் படிச்சிருக்கார். 'சரி'ன்னு யாரும் சொல்லல. தப்பாப் படிச்சோமோன்னு மறுபடியும் முதல்லேர்ந்து படிச்சிருக்கார். நான் முழிக்கும்போது பாவம், தொண்டை கட்டிப்போய் உக்காந்திருக்கார்."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். தம்பி மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். அவளைப் பற்றியும் சொல்லவேண்டும். பேக்கரியில் கேக் மேல் பெயர் எழுதுகிறவள். இருட்டோடு எழுந்து வேலைக்குப் போகிறவள். கைப்பிசகு இல்லாமல் எழுதவேண்டிய வேலை. இன்று டிப்போவுக்குக் கூட வருவதற்காக விடுப்பு எடுத்திருந்தாள்.

"பெட்டி வந்ததும் நான் அதப் பரண்ல போட்டுட்டேன்," என்று அவர் தொடர்ந்தார். "கல்யாண பாண்டுல டிரம்பெட் வாசிக்கிற ஒருத்தர் வந்து இறக்கி வெச்சார். அவரும் நம்ம கட்சி. நீங்க எப்படி சார், ராத்திரி முழுக்கப் போடுறீங்களா?"

"போடுறேன் சார். கணக்கப் பாருங்களேன், ஒரு நாள் தவறல," என்றான் தம்பி. "ஆனா ஒரு பிரயோஜனமும் இல்ல. உண்மையச் சொல்லவா? இது சுத்த ஏமாத்து. காத்த ஊதுறதுக்கு ஒரு பெட்டி. பேசாம ஒரு சைக்கிள் பம்ப்..."

வாக்கியம் முடியவில்லை. டீ கப் கையில் சாய்ந்தது. கண் மூடியது. தொண்டைக்குள் மரத்தை இழுப்பதுபோல ஒரு சத்தம், அப்புறம் சத்தமே இல்லை, அப்புறம் ஒரு திணறல்.

மகள் கப்பைப் பிடித்துக்கொண்டாள். அவமானத்தில் எனக்கு முதுகு இன்னும் நிமிர்ந்தது.

கண்ணாடிக் கடைக்காரர் சிரிக்கவில்லை. எழுந்துபோய்க் குனிந்து தம்பியின் மூக்கைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து தம்பி மனைவியைப் பார்த்தார். ஒரு பெண்ணின் முகத்தை வெளியாள் அப்படி உற்றுப் பார்ப்பதை நான் பொறுத்துக்கொள்வதில்லை.

"என்ன சார் பாக்குறீங்க?" என்றேன்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. என் பொழைப்பே மூக்குதான்." குரலை இறக்கினார். "தங்கச்சி, நீங்க கண்ணாடி போடுவீங்களா?"

"இல்லையே சார்," என்றாள் அவள்.

"அப்ப இந்தத் தடம்?"

அவள் கை தானாக மூக்குக்குப் போனது. மூக்குத்தண்டின் உச்சியில், இரண்டு புருவத்துக்கும் நடுவே, வில் வளைத்ததுபோல ஒரு மெல்லிய சிவப்புக் கோடு. தினமும் பார்க்கிற முகம். எனக்குத் தெரியவே இல்லை.

"கண்ணாடின்னா ரெண்டு பக்கமும் குழி விழும். இது மாஸ்க் வளைவு. என் மூக்கப் பாருங்க, இதே கோடு. சார் மூக்குல ஒண்ணுமே இல்ல."

தம்பி விழித்துக்கொண்டான். "என்ன? என்ன ஆச்சு?"

பதில் சொன்னவள் அவன் மனைவிதான். தலை குனிந்துகொண்டு பேசுவாள் என்று நினைத்தேன். இல்லை. என்னையே நேராகப் பார்த்துப் பேசினாள்.

"ஆமா அண்ணி. நான்தான் போட்டேன்," என்று கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்க அதைப் போட்டுக்கிட்டுப் படுக்குறீங்க. கண்ணசந்ததும் பிச்சு எறியிறீங்க. புஸ்ஸுன்னு காத்து போய்ட்டே இருக்கும். மொதல்ல எல்லாம் அணைச்சு வெச்சேன். அப்புறம், 'நேரம் பத்தல, இப்படியே போனா வண்டி கிடையாது'ன்னு ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்துச்சு. அன்னிக்கு ராத்திரி எடுத்து நான் மாட்டிக்கிட்டேன். மூச்சு விட்டாத்தானே எண்ணும்? யார் மூச்சுன்னா கேக்கப்போகுது? காலையில நான் வேலைக்குக் கிளம்பும்போது உங்க பக்கத்துக் கொக்கியில மாட்டிடுவேன்."

"என்கிட்ட சொல்லலையேடி!"

"சொன்னா விட்டிருப்பீங்களா? சாவி ரூம்லேர்ந்து வந்து செவுத்தைப் பாத்து உக்காந்திருந்தீங்களே, அத யாரு பாத்தா? நான்தான் பாத்தேன்."

தம்பி எழுந்து நின்றான். கோபத்தில் காது சிவந்தது. "அப்ப நான் ஒரு நாள்கூட ஒழுங்காப் போடல. போட்டும் சரியாகலைன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியுறேன். இவ பாட்டுக்கு..." சட்டென்று நிறுத்தினான். தாழ்ந்த குரலில் சொன்னான்: "சில நாள் முழிச்சுக்கிட்டே கழட்டியிருக்கேன் அக்கா. காலைல பாத்தா கணக்கு சரியா இருக்கும். தூக்கக் கலக்கத்துல மறுபடி போட்டிருப்போம்னு விட்டுட்டேன். வசதியா இருந்துச்சு."

"இன்னும் கொஞ்ச நேரத்துல டாக்டர் கையெழுத்துப் போடப்போறார்," என்றாள் அவள். "நாம அஞ்சு பேரும் மூச்சு விடலைன்னா சாயங்காலம் வண்டி உங்க கையில. அப்புறம் நாளையிலேர்ந்து ஒழுங்காப் போட்டுக்கங்க. யாருக்கு நஷ்டம்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மூடி வைக்கலாம் என்ற எண்ணம் எனக்குள்ளும் எட்டிப் பார்த்தது. மூன்று தலைமுறையாக இந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடந்த குடும்பம். தலைமை எழுத்தர் வீட்டில் கள்ளக் கணக்கு என்று நாளைக்கு ஊர் பேசும். ஆனால் அந்தக் கேள்வி இன்னும் தன் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தது. வண்டியில் ஆள் இருந்தால்?

"இந்த வீட்டுலேர்ந்து பொய்க் கணக்குப் போகாது," என்றேன். "டிப்போவுக்குப் போறோம். உள்ளதைச் சொல்றோம். வேலை போனாப் போகட்டும். பஸ்ஸுல ஏறுறவன் தம்பியை நம்பி ஏறுறான், உன் மூச்சை நம்பி இல்ல."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் கண்ணாடிக் கடைக்காரரிடம் திரும்பினேன். "நீங்களும் ஆஸ்பத்திரிக்குச் சொல்லத்தானே போறீங்க?"

"நான் போலீஸ் இல்லம்மா. டாக்டரும் இல்ல. மாஸ்க் போடுறவன், அவ்வளவுதான். சொல்றதும் சொல்லாததும் உங்க வீட்டுப் பாடு. நான் கேக்க வந்தது வேற." தம்பியின் தோளில் கை வைத்து உட்காரவைத்தார். "சார், ஏன் பிச்சு எறியிறீங்க?"

தம்பி தன் மூக்கைத் தடவிப் பார்த்தான். "முகத்த யாரோ உள்ளங்கையால அழுத்துற மாதிரி இருக்கு. தண்ணிக்குள்ள இருக்குற மாதிரி. அப்புறம்..." மனைவியைப் பார்க்காமல் சொன்னான். "தும்பிக்கை வெச்ச மாதிரி இருக்கேன். பக்கத்துல இவ படுத்திருக்கா. நான் பைலட்டுங்க. எனக்குன்னு ஒரு இது இருக்குல்ல?"

"இருக்கு. எனக்கும் இருந்துச்சு. என் சம்சாரம் என்ன சொன்னா தெரியுமா? 'யானை பக்கத்துல படுத்தாப் பரவாயில்ல, செத்துப் பொழைக்கிறவன் பக்கத்துல படுக்க முடியாது'ன்னா." அவர் எழுந்தார். "எங்க உங்க பெட்டி? இங்க கொண்டாங்க."

"இங்கயா? கூடத்துலயா?" என்றேன்.

"ராத்திரி முதல் முதலா நீச்சல் கத்துக்க முடியுமாம்மா? பகல்ல, முழிப்பா இருக்கும்போது, பேச்சு சத்தத்துல பழகணும். அப்புறம் தூக்கம்."

மகள் பெட்டியை எடுத்துவந்து மின் இணைப்புக் கொடுத்தாள். கண்ணாடிக் கடைக்காரர் பட்டையைப் பார்த்ததும் உச்சுக்கொட்டினார். "இது என்ன, மூட்டை கட்டுன மாதிரி? காத்து கசியுதுன்னு இழுத்து இழுத்துக் கட்டியிருக்கீங்க. அதான் உள்ளங்கை அழுத்துது. படுத்தா முகம் மாறும் சார். படுத்துக்கிட்டுக் காத்து ஓடும்போது மாட்டிப் பாக்கணும். காத்தோட அழுத்தம் டாக்டர் வெச்சது, அத நான் தொட மாட்டேன். பட்டை நம்ம வேலை. இந்தப் பொத்தான் இருக்கே, இது காத்த மெதுவா ஆரம்பிச்சுக் கொஞ்சங்கொஞ்சமா ஏத்தும். வண்டிய ஃபர்ஸ்ட் கியர்ல எடுக்குற மாதிரி. நீங்க நேரா டாப் கியர்ல எடுத்திருக்கீங்க."

கியர் என்றதும் தம்பியின் முகத்தில் புரிதல் வந்தது. சாய்வு நாற்காலியைத் தாழ்த்திப் படுத்தான். அவர் பட்டையைத் தளர்த்தினார். பிறகு தன் மாஸ்க்கையும் எடுத்துத் தன் முகத்தில் மாட்டிக்கொண்டார், குழாய் இல்லாமல், வெறுமனே, துணைக்கு. இரண்டு பெரிய ஆண்கள், இரண்டு மாஸ்க், நல்ல பகல் வெளிச்சம்.

அப்போதுதான் கவனித்தேன். ஜன்னல் திறந்திருந்தது. எதிர் மாடியில் இன்ஷூரன்ஸ்காரர் துணி காயப்போடும் சாக்கில் நின்றார். ஒரே சட்டையை மூன்றாம் முறையாக உதறிக்கொண்டிருந்தார்.

திரையை இழுக்க எழுந்து போனேன். அவர் குரல் கொடுத்தார்: "என்னங்க, ஆக்ஸிஜன் வைக்கிற அளவுக்கு ஆயிடுச்சா? சொல்லவே இல்லையே!"

திரையைப் பிடித்த கையை ஒரு கணம் பார்த்தேன். என் கைதான். எதற்கு மூடவேண்டும்? திருடினோமா? இரண்டு பக்கத் திரையையும் கடைசிவரை ஒதுக்கினேன். கொக்கியில் மாட்டினேன்.

"ஆக்ஸிஜன் இல்ல, காத்து!" என்றேன் தெருவுக்கே கேட்கும்படி. "என் தம்பி தூங்கப் போறான். நல்லாப் பாத்துக்குங்க. சட்டை காஞ்சிருச்சு, எடுத்து உள்ள வைங்க."

மகள் கை தட்டினாள். கண்ணாடிக் கடைக்காரர் மாஸ்க்குக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே தம்பி தூங்கிவிட்டான். மாஸ்க் அப்படியே இருந்தது. அந்தத் தூக்கத்தைப் பற்றி என்ன சொல்ல? எங்கள் வீட்டில் அவன் தூங்கினால் பாத்திரம் அதிரும். இன்று பெட்டியின் மெல்லிய மூச்சைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. தம்பி மனைவி பயந்துபோய் அவன் மார்பில் கை வைத்துப் பார்த்தாள். ஏறி இறங்கியது. கையை எடுக்காமல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தங்கச்சி," என்றார் கண்ணாடிக் கடைக்காரர், மாஸ்க்கைக் கழற்றிவிட்டு. "ஒண்ணு கேக்கணும். இத்தனை நாள் நீங்க போட்டுத் தூங்குனீங்களே. தூக்கம் வந்துச்சா?"

அவள் தயங்கினாள். "வந்துச்சு சார். சொல்ல வெக்கமா இருக்கு. காலையில தலைவலிக்கும் எனக்கு, வருஷக்கணக்கா. பேக்கரி சூடுன்னு நினைச்சேன். இத மாட்டுனதுலேர்ந்து இல்ல. கேக்குல எழுதும்போது கை நடுங்கும், அதுவும் நின்னுருச்சு. முதலாளி பாராட்டுனார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"இது அவருக்கு வெச்ச அழுத்தம். இனிமே நீங்க போடாதீங்க. ஆனா அந்தத் தலைவலியும் இதே நோயா இருக்கலாம், நீங்களும் ஒருநாள் ஆஸ்பத்திரியில படுத்துப் பாக்கணும்."

"எனக்கு என்ன கேடு? ஒரு வீட்டுக்கு ஒரு தும்பிக்கை போதும் சார்," என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

மதியம் டிப்போவுக்குப் போனோம். தம்பி, அவன் மனைவி, நான். பெட்டியை மூடிய பையில் வைக்கச் சொன்னாள் மகள். தம்பி மறுத்துவிட்டான். கையில் ஏந்திக்கொண்டு, குழாய் தோளில் தொங்க, டயர் அடுக்கிய முற்றத்தின் நடுவே நடந்தான். முட்டிய தூணைச் சுற்றிப் புதுச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டேதான் போனான்.

"பைலட் ஆக்ஸிஜன் மாஸ்க்கோட வந்துட்டாரு! விமானம் எப்ப கிளம்புது?" என்று ஓய்வறை வாசலில் ஒரு குரல். சிரிப்பு.

தம்பி நின்றான். "உன் குறட்டையில இந்த ரூம்ல எத்தனை பேர் வெளிய போய்ப் படுத்தாங்கன்னு சொல்லவா? நேத்து ராத்திரி எங்க கண்ணசந்த, எந்த வளைவுல முழிச்சன்னு நீயே சொல்லு. நான் தூண்ல முட்டுனேன். நீ இன்னும் முட்டல. அதான் வித்தியாசம்."

சிரிப்பு நின்றது.

டாக்டர் அறையில் மேலாளரும் இருந்தார். மேஜையில் மருத்துவமனைக் கணக்கு தயாராக இருந்தது. டாக்டருக்கு முகமெல்லாம் திருப்தி. "அருமையாப் போட்டிருக்கீங்க. இவ்வளவு ஒழுங்கா யாருமே போட்டதில்ல," என்று பேனாவைத் திறந்தார்.

"கையெழுத்துப் போடாதீங்க டாக்டர்," என்றான் தம்பி.

"ஏன்?"

"அந்த மூச்சு என்னுது இல்ல."

"பின்ன யாருது?"

"என்னுது," என்றாள் அவன் மனைவி. மூக்கில் இருந்த தடத்தை விரலால் காட்டினாள்.

டாக்டர் பேனாவை மூடினார். மேலாளர்தான் முதலில் வாயைத் திறந்தார். "வீட்டுப் பொம்பளைய வெச்சு டிப்போவை ஏமாத்தப் பாத்தியா பைலட்?"

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். "ஏமாத்துறவன் இங்க வந்து நிக்க மாட்டான் சார். அவனுக்கே இன்னிக்குக் காலையிலதான் தெரியும். செஞ்சவ புருஷன் வாட்டத்தப் பாக்கச் சகிக்காம செஞ்சா, இப்ப நேரா வந்து சொல்றா. நாங்க சொல்லலைன்னா இந்நேரம் நீங்களே சாவியக் கையில குடுத்து அனுப்பியிருப்பீங்க. விசாரிக்கணும்னா விசாரிங்க. குரலை மட்டும் உயர்த்தாதீங்க."

மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டர் தம்பியைப் பார்த்தார். "உங்களுக்கு இப்ப வண்டி கிடையாது. எழுத்து மூலமா விளக்கம் குடுக்கணும். விசாரணையும் வரலாம், அது என் கையில இல்ல. பழைய கணக்கு செல்லாது. இன்னிக்கு ராத்திரியிலேர்ந்து புதுசா ஆரம்பம்."

"ஆகட்டும் டாக்டர். காலையில கொஞ்ச நேரம் நிஜமாத் தூங்குனேன். எத்தனை வருஷம் கழிச்சுன்னு தெரியல," என்றான் தம்பி. "அதுக்கப்புறம் வந்த வழியெல்லாம் போர்டு போர்டாப் படிச்சுட்டு வந்தேன். இந்த ஊர்ல இத்தனை போர்டு இருக்குன்னே எனக்குத் தெரியாது."

வெளியே வரும்போது, சற்று முன் கிண்டல் செய்த டிரைவர் வாசல்வரை பின்னால் வந்தார். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார். "அண்ணே, அது போட்டா நிஜமாவே குறையுமா? என் வீட்டுல ரொம்ப நாளா வேற ரூம்ல படுக்குறா."

"நாளைக்குச் சாவி ரூமுக்கு வா," என்றான் தம்பி. "பெட்டிய நான் அங்க கொண்டாறேன். எல்லாரும் பாக்குற மாதிரிதான் காட்டுவேன், சம்மதமா?"

"எல்லாரும் பாக்குற மாதிரியா?" என்று இழுத்தார் அவர். பிறகு, "சரிண்ணே," என்றார்.

வீடு திரும்பியதும் கண்ணாடிக் கடைக்காரரின் போன். பரிசோதனைக்குப் பெயர் கொடுத்திருந்த யாரோ வரவில்லையாம். இன்றிரவு ஒரு படுக்கை காலி. தங்கச்சியை அனுப்பினால் பார்த்துவிடலாம். சொந்தத் தலையணை கொண்டுவந்தால் தூக்கம் வரும்.

"நான் போகல," என்றாள் அவள். "இன்னிக்குத்தான் இவருக்கு முதல் ராத்திரி. நான் இல்லாம இவர் கழட்டிப் போட்டுட்டா யார் பாக்குறது?"

"கழட்டுனா, கழட்டுனேன்னு பெட்டி எழுதட்டும்," என்றான் தம்பி. "அது என் கணக்கா இருக்கட்டும். எனக்காக இத்தனை நாள் மாட்டுனல்ல, உனக்காக ஒரு ராத்திரி படு."

அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். நான் உள்ளே போய் அவள் தலையணையை எடுத்து வந்தேன். பூப்போட்ட உறை. "கிளம்பு," என்றேன். அந்தக் குரலுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

தலையணை மந்திரம் என்று ஊரில் கேலி பேசுவார்கள். மந்திரமோ இல்லையோ, ஒரு தலையணையை ஒளிக்காமல் தெருவில் தூக்கிக்கொண்டு நடப்பதற்கு முதுகு நேராக இருக்கவேண்டும். எனக்கு அது இருக்கிறது. மாலை வெயிலில், வாசலில் நின்றவர்கள் எல்லோரும் பார்க்க, ஆட்டோ நிறுத்தம் வரை நடந்தோம். இன்ஷூரன்ஸ்காரர் மாடியிலிருந்து இறங்கித் தன் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். நான் நிற்கவில்லை.

அவளுக்கு என்ன முடிவு வரும் என்று இதை எழுதும்போது எனக்குத் தெரியாது. உள்ளே தம்பி, யாரும் சொல்லாமலே, பெட்டிக் காற்றை ஈரமாக்கும் சின்னத் தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருக்கிறான். கொக்கியில் மாஸ்க் தொங்குகிறது. இன்று அதை எடுத்து மாட்ட வேறு கை இல்லை.

இதற்குள் தெருவில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. நாத்தனார்க்காரி தம்பி பெண்டாட்டியைத் தலையணையும் கையுமாக வெளியே துரத்திவிட்டாளாம். அவளும் அழுதுகொண்டே அம்மா வீட்டுக்குப் போய்விட்டாளாம்.

யாரும் யாரையும் துரத்தவில்லை. அவள் அழவில்லை. அம்மா வீட்டுக்கும் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூங்கப் போனாள். தலையணை அவள் கையில் இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தது நான்.